மூக்கணாங்கயிறு இல்லாத காளை

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் பேருந்தில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் ஆலை வாசனை பின்தங்கிவிடும், கரும்பு மட்டும் கூடவே வரும். மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கினேன். மார்கழி மாதம். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நடுவில் மேடு பள்ளம் அதிகமில்லாத பூமி. இப்படிப்பட்ட நிலத்தில் வானம்தான் பெரிய ஆள். கடற்பக்கமிருந்து சாம்பல் மேகங்கள் வந்துகொண்டே இருந்தன. அடிவானத்தைக் கீழே இறக்கிவிட்டு மேகத்துக்கு இடம் விட்ட 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்கள் இங்கே வந்திருந்தால் அதிகம் மாற்றியிருக்கமாட்டார்கள்.

என் மனதில் இருந்தது அவர்களில் ஒருவரான பவுலஸ் பாட்டரின் ‘காளை’. 1647இல், 22 வயதுக்குள் அவர் வரைந்த எண்ணெய் ஓவியம். ஏறக்குறைய 8 அடி உயரம், 11 அடி அகலம். அரசர்களுக்கும் போர்க்களங்களுக்கும் ஒதுக்கும் அளவை அவர் ஒரு மாட்டுக்குக் கொடுத்தார். முதலில் காளை மட்டும்தான். பிறகு துணியை ஒட்டுப்போட்டு விரித்து, பசு, ஆடுகள், மேய்ப்பர், புல்லில் தவளை, ஈக்கள், சாணி எல்லாம் சேர்த்தார். 1795இல் பிரெஞ்சுக்காரர்கள் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள், 1815இல் திரும்பியது. இப்போது ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தின் அடிவானத்தில் ரைஸ்வைக் ஊர்த் தேவாலயம் சிறியதாகத் தெரியும். மேல்பட்டாம்பாக்கத்திலும் ஒரு பழைய தேவாலய வரலாறு உண்டு. சாதி விவகாரத்தில் லைப்சிக் மிஷனோடு ஒத்துப்போகாத கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1861இல் இங்கே பெத்தானியா என்ற மிஷன் நிலையத்தை அமைத்தார். டேனிஷ் மிஷன் பின்பு அவரோடு சேர்ந்துகொண்டது.

டச்சுக்காரர்கள் அதற்கும் வெகுகாலம் முன்பே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செஞ்சி நாயக்கர் அனுமதியோடு கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் இறங்கியவர்கள். இங்கே நெய்த துணியைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். அப்படிச் செழித்த நாட்டின் வீட்டுச் சுவர்களில்தான் மாடும் புல்லும் ஓவியமாக ஏறின. அந்தப் புல்வெளிகளில் யாரும் வியர்த்து நான் பார்த்ததில்லை. பாட்டரின் மேய்ப்பர்கூட மரத்தடியில் சும்மா நிற்கிறார். அழகுதான், ஆனால் நகரத்தார் கற்பனை செய்துகொண்ட கிராமம்.

வாய்க்கால் ஓரம் வண்டியை அவிழ்த்துவிட்டு நின்ற பெரியவரிடம் செல்பேசியில் படத்தைக் காட்டினேன்.

“மூக்கணாங்கயிறே காணமே, தம்பி?”

“வேலைக்குப் போகாத காளைங்கய்யா.”

திரையை விரலால் பெரிதாக்கினார். கொம்பைப் பார்த்தார், தாடைக்குக் கீழே தொங்கும் தோலைப் பார்த்தார், நகத்தால் தட்டினார்.

“தலை ஒரு வயசு சொல்லுது, உடம்பு ஒரு வயசு சொல்லுது.”

வெவ்வேறு வயது மாடுகளைப் பார்த்து வரைந்து ஒன்றாக்கிய காளை அது என்று கலை ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் விரல் படுத்திருக்கும் பசுவின் மீது போய்விட்டது.

“இதை விடு. இது எவ்வளவு கறக்குமாம்?”