லங்காஸ்டர் போர்வையில் ஹ்மாங் தையல்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த லங்காஸ்டர் மாவட்டம், பொது மின்கம்பி இணைப்பை வீட்டுக்குள் விடாமலும் குதிரை வண்டிகளில் பயணம் செய்தும் வாழும் ஆமிஷ் சமயத்தவரால் உலகறிந்தது. நியூ ஜெர்சியிலும் பிலடெல்ஃபியாவிலும் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துக்கொண்டு ஒரு நாள் பயணமாகச் சென்று வரும் இடங்களுள் அதுவும் ஒன்று. அங்குள்ள கடைகளில் தொங்கும் குவில்ட் போர்வைகளை, தலைமுறைகளாக ஆமிஷ் வீடுகளுக்குள்ளேயே வளர்ந்த கலையின் பிள்ளைகள் என்று எண்ணியே பெரும்பாலோர் தொட்டுப் பார்க்கின்றனர். அவற்றுள் பலவற்றில், குறிப்பாக 1980களுக்குப் பின் தைக்கப்பட்டவற்றில், இலாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் பெண்களின் கைவேலை கலந்திருக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவது அரிது.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை: மேலே வடிவமைத்த துணி, நடுவே பஞ்சுப் படலம், அடியில் தாங்கு துணி. இம்மூன்றையும் ஊடுருவி மேலும் கீழுமாக ஓடும் நுண்ணிய ஓட்டுத் தையலே பஞ்சை நகரவிடாமல் பிணைத்து வைப்பதோடு, துணியின் பரப்பில் மேடுபள்ளங்களாலான இரண்டாவது கோலம் ஒன்றையும் வரைகிறது. பழைய நூற்புடவைகளை மடித்து அடுக்கித் தைத்துப் பச்சிளங் குழந்தைக்கு விரிக்கும் வழக்கம் அறிந்த தமிழ் வீடுகளுக்கு இதன் அடிப்படை அந்நியமானதன்று; நைந்த துணியைக் குறிக்கும் கந்தை என்ற சொல்லும், பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வங்காளத்துக் காந்தாவின் பெயரும் உறவுடையனவாகவே கருதப்படுகின்றன.

ஆமிஷ் மக்களும் வந்தேறிகளே. சமய ஒடுக்குமுறையிலிருந்து விலகி, 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து, தென்ஜெர்மனிப் பகுதிகளிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்த அவர்களின் படுக்கை வழக்கம் இறகு மெத்தையாகவே இருந்தது. தம்மவர் அல்லாதோரையெல்லாம் இன்றும் ‘ஆங்கிலேயர்’ என்றே குறிப்பிடும் அவர்கள், அந்த ஆங்கிலேய அண்டை வீட்டாரிடமிருந்துதான் குவில்ட் தைக்கக் கற்றனர், அதுவும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது அவர்களிடையே பரவலாயிற்று. கற்றதைத் தம் சமய ஒழுங்குக்குள் அடக்கி, பூவும் உருவமும் இல்லாத ஒருநிறக் கம்பளித் துணிகளைக் கொண்டு ‘நடு வைரம்’, ‘வெயிலும் நிழலும்’ போன்ற பெரிய வடிவங்களை அவர்கள் ஆக்கினர். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குவில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியதை அடுத்து, சேகரிப்பாளர்கள் லங்காஸ்டர் பண்ணை வீடுகளின் பெட்டிகளில் உறங்கிய பழம்போர்வைகளைத் தேடி வரத் தொடங்கினர். பழையவை அரிதாயின, பின்னர் வந்த சுற்றுலாப் பயணிகளுக்கோ அவற்றின் கடுமையான எளிமையைவிட, வெட்டிய பூவிதழ்களையும் இலைகளையும் அடித்துணியின்மேல் பதித்துத் தைக்கும் அப்ளிக்கே என்னும் மேலொட்டு வேலையே பிடித்திருந்தது. ஆமிஷ் பெண்கள் மரபாகத் தேர்ந்தது துணித் துண்டுகளை விளிம்போடு விளிம்பாக இணைக்கும் வேலையில். மேலொட்டு அவர்களுக்குப் புதிது.

அந்த வேலையில் ஹ்மாங் பெண்கள் கரைகண்டவர்கள். ‘பா ந்தௌ’, அதாவது மலர்த்துணி, என்று அவர்கள் அழைக்கும் கலையில், மேல்துணியை வெட்டி விளிம்பை ஊசிமுனையால் உள்ளே மடித்து அடித்துணியின் நிறத்தை வெளிக்காட்டும் உள்வெட்டுத் தையலும், நத்தைச் சுருளும் யானைக்காற் சுவடும் கணக்குப் பிசகாமல் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களும் உண்டு. அமெரிக்க உளவுத்துறை இலாவோஸில் நடத்திய மறைமுகப் போரில் அதன் பக்கம் நின்ற ஹ்மாங் மக்கள், 1975இல் அந்நாட்டின் ஆட்சி கம்யூனிஸ்டுகளின் கைக்கு மாறியதும் மீகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடினர். பான் வினாய் போன்ற அம்முகாம்களில்தான், ஆற்றைக் கடந்த கதையையே உருவங்களாகத் தைக்கும் ‘கதைத்துணி’ என்ற புதிய வகை பிறந்து விற்பனைக்கும் சென்றது. அங்கிருந்து ஒரு பகுதியினர், ஆமிஷ் சபையோடு ஒரே வேரிலிருந்து கிளைத்த மென்னோனைட் சபையினர் முதலானோரின் பொறுப்பேற்பில் லங்காஸ்டருக்கு வந்து சேர்ந்தனர்.

பிறகு நடந்தது இயல்பானதே. ஒருவர் துணி வெட்ட, இன்னொருவர் இதழ்களைப் பதிக்க, வேறொருவர் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூன்றடுக்கையும் தைக்க, துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வீடுவீடாகப் பிரித்துத் தரப்பட்ட வேலையில் மேலொட்டுப் பகுதி பெரிதும் ஹ்மாங் வீடுகளுக்குச் சென்றது. சில குடும்பங்கள் நாளடைவில் தாமே குவில்ட் தொழில் நடத்தின. வரலாற்றாசிரியர் ஜானெக்கன் ஸ்மக்கர் 2013இல் வெளியிட்ட நூல் இந்த உற்பத்தி முறையையும் ‘ஆமிஷ்’ என்ற பெயரின் சந்தை மதிப்பையும் விரிவாக ஆராய்கிறது. இதை ஏமாற்று என்று மட்டும் சுருக்கிவிடுவது நியாயமாகாது, ஏனெனில் ஆமிஷ் பெண்களும் இதே கூலிச் சங்கிலியில் ஒரு கண்ணியாகவே இருந்தனர். ஆயினும் ஓர் அகதிப் பெண் மாதக்கணக்கில் கண்ணை வருத்தித் தைத்த இதழ்கள், அவளுடைய சமூகத்தின் பெயரைத் தாங்காமல் வாங்குபவரின் படுக்கைக்குச் செல்வது இழப்புதான். குடியேறிய நாட்டின் ‘மரபு’ என்று போற்றப்படுவதைத் தாங்கி நிற்கும் கைகளுள் புதிதாக வந்தோரின் கைகளும் இருக்கின்றன என்பதை அந்நாடு அறியாமற்போகும் இழப்பு அது.

கற்பித்தல் பற்றிய கேள்வி இதனினும் நுட்பமானது. மலைக்கிராமத்தில் ஹ்மாங் சிறுமி தாயின் அருகில் அமர்ந்து, அளவுகோலோ படிவமோ இன்றித் துணியை மடித்து மடித்து வெட்டக் கற்று, புத்தாண்டு உடையைத் தன் கையாலேயே தைத்து அணிவாள். பள்ளியும் வேலையும் நாளை விழுங்கும் அமெரிக்க வாழ்வில் அந்த நெடும்பொழுது இல்லை. தையல் வடிவங்களை அப்படியே அச்சிட்ட துணிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. மொழியையாவது வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளைப் போல ஞாயிறு காலையின் இரண்டு மணி நேரத்தில், பாடநூலின் துணையோடு ஓரளவு ஊட்டிவிடலாம். துணியின் விளிம்பு எந்த அழுத்தத்தில் மடியும் என்பதை விரல், தேர்ந்த இன்னொரு விரலின் அருகிலிருந்துதான் அறிகிறது. இந்நிலையில், பிறருடைய பூக்களைக் கூலிக்குத் தைத்த வேலையே, ஊசியும் நூலும் ஹ்மாங் வீட்டின் நடுக்கூடத்தை விட்டு நீங்காமலும், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் மகள் தாயின் கையைப் பார்த்திருக்கவும் வழி செய்தது என்று கருத இடமுண்டு; வடிவம் அந்நியமானது, ஆனால் விளிம்பை உள்மடிக்கும் அந்த நுண்ணசைவு மலைக்கிராமத்துடையதே.

ஆமிஷ் வீட்டுக்காகவே தைக்கப்பட்ட பழைய குவில்ட்கள் சிலவற்றில், தைத்தவரின் அல்லது பெறுபவரின் பெயர் முதலெழுத்துகளும் ஆண்டும் ஓரத்தில் சிறிதாகத் தைக்கப்பட்டிருக்கும். கடைக்கெனத் தைத்தவற்றின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், அந்த ஓரம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது.