கூரைமேல் ஒரு கம்பம்

தச்சன் வீட்டு நாற்காலி ஆடினால் ஊரார் மன்னித்து விடுவார்கள். பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயர் வீட்டு டெலிவிஷன் ஆடினால் மன்னிக்க மாட்டார்கள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு எதிரே நின்று, அலைகளின் நீளத்தையும் வேகத்தையும் பற்றி மணிக்கணக்காக உபந்நியாசம் செய்கிற நாம், நமது சொந்தக் கூடத்தில் ஓர் அலையைப் பிடித்து நிறுத்த முடியாமல் இரண்டு மாதம் திண்டாடினோம். அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளத்தைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நங்கநல்லூருக்கு அடுத்தாற்போலுள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, சில நாள் விமானங்கள் பறக்கவில்லை. நமது தெருவில் மின்சாரம் திரும்பிய பிறகும் கேபிள் திரும்பவில்லை. டெலிபோனும் ஊமையாகவே இருந்தது. உலகம் இருக்கிறதா, முழுகி விட்டதா என்பதை நமது தகப்பனாரின் பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோதான் அறிவித்துக் கொண்டிருந்தது. ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அப்போது வயது எழுபத்தெட்டு.

"கம்பியை நம்பினால் இப்படித்தான். இனிமேல் ஆகாயத்தை நம்பு" என்று அவர் தீர்ப்புச் சொல்லி விட்டார்.

அவர் சொன்னதற்கு ஏற்றாற்போல், 2016 பிப்ரவரியில் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தூரதர்சனத்தார் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை அறிவித்தார்கள். மாதச் சந்தா கிடையாது. ஆண்டெனா ஒன்றும், தகுந்த பெட்டி ஒன்றும் இருந்தால் போதும். ஏப்ரல் மாதம் மொட்டை மாடியின் வடகிழக்கு மூலையில் இரும்புக் கம்பத்தை நட்டோம். சேப்பாக்கம், சுவாமி சிவானந்தா சாலையிலுள்ள நிலையம் நமக்கு வடகிழக்கே சுமார் 13 கிலோமீட்டர் தூரம். ஆண்டெனாவை அந்தத் திசைக்குத் திருப்பியதும் படம் கண்ணாடி போல் வந்தது. நமது சகதர்மிணி கூட அன்றைக்கு நம்மை ஒரு விஞ்ஞானியாக ஒப்புக்கொண்டாள்.

அந்தக் கௌரவம் மறுநாள் மாலை வரையில்தான் நீடித்தது. செய்தி வாசித்துக் கொண்டிருந்தவர் வாயைத் திறந்தபடியே உறைந்து போனார். பிறகு சதுரம் சதுரமாகச் சிதறினார். பிறகு வெறும் கறுப்பு.

1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னை நிலையம் ஆரம்பமான பிற்பாடு வந்த பழைய ஒளிபரப்பில், அலை பலவீனமானால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மழைபோல் பெய்யும். ஒரு மனிதருக்குப் பக்கத்தில் அவருடைய நிழல் ஒன்று நிற்கும். ஆனாலும் ஆள் இன்னார் என்று தெரியும். டிஜிட்டல் முறையோ வேறு குணம். வருகிற தகவலில் உள்ள பிழைகளைப் பெட்டியே ஓர் எல்லை வரையில் திருத்திக் கொள்ளும். அதுவரையில் படத்தில் ஒரு குறையும் தெரியாது. எல்லை தாண்டினால் ஒன்றுமே தெரியாது. வருஷம் முழுவதும் "புரிகிறது, ஸார்" என்று சொல்லிவிட்டுப் பரீட்சையன்று வெள்ளைக் காகிதத்தைக் கொடுக்கிற பையனைப் போல.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் குடும்பத்தில் அபிப்பிராய பேதமே இல்லை. விமானந்தான்! நங்கநல்லூரில் பேச்சை நிறுத்தி, விமானம் போன பிறகு தொடருவது வழக்கம். பழைய நாளில் விமானத்தின் மேல் பட்டுத் திரும்பிய அலையினால் படம் துடித்ததை நாமே பார்த்திருக்கிறோம். விமானத்துக்கு மருந்து ஏது? ஆகவே நானூறு ரூபாய் கொடுத்து ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டினோம். பெட்டியில் சிக்னலின் பலம், தரம் என்று இரண்டு அளவுகள் உண்டு. பூஸ்டர் போட்டதும் பலம் நூற்றுக்கு 60-லிருந்து 90 ஆயிற்று. தரம் அசையவில்லை. உரக்கப் படித்தால் பாடம் வந்துவிடுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் நம்மைக் கூப்பிட்டார்.

"ஏண்டா, நீ நேற்று ஒயரை மாற்றினாய், ஆண்டெனாவைத் திருப்பினாய், பூஸ்டரும் போட்டாய். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று எப்படித் தெரியும்? ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வா."

பத்து வயதுப் பேத்தியைக் குமாஸ்தாவாக நியமித்துக் கொண்டார். மணி, சிக்னலின் தரம், வானிலை, விமானம் என்று நான்கு கட்டம். அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து விமானங்களை எண்ணினார். ஒரு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்தபோது நமக்குத் தலை குனிந்தது. காலையில் எத்தனை விமானம் போனாலும் படம் நிற்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல், விமானம் இல்லாத வேளையிலும் நின்றது.

"மூன்று மணிக்கு என்ன வருகிறது?" என்றார் தகப்பனார்.

"கடற்காற்று, தாத்தா!" என்றது குழந்தை.

மாடிக்கு ஓடினோம். பக்கத்து வீட்டு மாமியின் தென்னை, சரியாக வடகிழக்கில், நமது ஆண்டெனாவுக்கு எதிரில் தலையை விரித்து ஆடிக் கொண்டிருந்தது. பழைய சென்னை ஒளிபரப்பின் அலை சுமார் 5 மீட்டர் நீளம்; அதற்குத் தென்னை மட்டை ஒரு பொருட்டல்ல. புதிய அலையோ அரை மீட்டருக்குச் சற்று அதிகம். பச்சை இலையும் அதிலுள்ள நீரும் அதை விழுங்கும்; மட்டை ஆட ஆடச் சிக்னல் ஏறி இறங்கும். வகுப்பில் வருஷா வருஷம் நாம் சொல்லுகிற பாடந்தான் இது.

அந்த மகிழ்ச்சியில் நமக்கு ஓர் அற்பப் புத்தி தோன்றியது. "மாமியிடம் சொல்லி நாலு மட்டையைக் கழிக்கச் சொன்னால் என்ன? மரமும் வயதானதுதானே; எடுத்து விட்டாலும்..." என்று இழுத்தோம். மாமி தனியாக இருப்பவர். அவருடைய கணவர் வைத்த மரம் அது. காய் இறக்கும்போதெல்லாம் நமது வீட்டுக்கு நாலு காய் வரும்.

தகப்பனார் சிறிது நேரம் நம்மையே பார்த்தார். "சிக்னல் தெரியவில்லை என்றால் கம்பத்தை நகர்த்துவதுதான் எங்கள் டிபார்ட்மெண்டில் வழக்கம். மரம் உனக்கு முன்னால் வந்தது" என்றார்.

கம்பத்தை வடமேற்கு மூலைக்கு மாற்றினோம். அங்கிருந்து பார்த்தால் மரம் ஒரு பக்கமாக விலகிக் கொண்டது. சிக்னலின் தரம் 85, கடற்காற்றிலும் 85. பூஸ்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தோம்.

அந்த வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி 'வர்தா' புயல் சென்னையைக் கடந்தது. முதல் நாள் மாலையே தகப்பனார் சொற்படி கம்பத்தை இறக்கிக் கட்டி வைத்திருந்தோம். நகரத்தில் ஆயிரக் கணக்கில் மரங்கள் விழுந்தன. மாமியின் தென்னையும், தெருக் கேபிளை இழுத்துக் கொண்டு விழுந்தது. நாலாம் நாள் மின்சாரம் வந்ததும் கம்பத்தைத் தூக்கி நிறுத்தினோம். தெருவிலேயே படம் வந்தது நமது வீட்டில்தான். செய்தி பார்க்கக் கூடம் நிறைய ஜனங்கள். மாமியும் வந்து தூண் ஓரமாக உட்கார்ந்தார். குழந்தை வழக்கம்போல் நோட்டுப் புத்தகத்தில், "தரம் 92" என்று எழுதி, உரக்கப் படித்தும் விட்டது.

"மரம் போனதனால் நன்றாகத் தெரிகிறதோ?" என்று மாமி மெதுவாகக் கேட்டார்.

நமக்கு வாய் எழவில்லை. தகப்பனார்தான், "இல்லை, அம்மா. மரம் இருந்தபோதும் நன்றாகத்தான் தெரிந்தது" என்றார்.

அன்றைக்கு அந்தப் பதிலை உண்மையாகச் சொல்ல முடிந்ததே என்று நாம் பட்ட நிம்மதி கொஞ்சமல்ல. தை பிறந்ததும் ஒரு தென்னங்கன்று வாங்கி, மாமியின் தோட்டத்தில் அதே இடத்தில் வைத்தோம். அது வளர்ந்து ஆகாயத்தை மறைத்தால் மறைக்கட்டும். கம்பத்தை நகர்த்த நமக்குத் தெரியும்.