பத்து கிராம்

அப்பாவின் வலது காலில் ஆணி குத்தியிருந்ததை வீட்டில் யாருமே பார்க்கவில்லை. அரசாங்க கிளினிக்கில் இனிப்புநீர் அப்பாயிண்ட்மெண்டுக்குப் போனபோது, சிலிப்பரைக் கழற்றச் சொன்ன மிஸ்ஸிதான் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி. சிலிப்பரில் அந்தச் சின்ன ஆணி அப்படியே நின்றது. எத்தனை நாளாக அதன்மேல் நடந்தார் என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். கூலிம் தொழிற்சாலை ஒன்றில், இயந்திரம் பழுதாகும் முன்பே கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அப்பாவுக்கு குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்து, எக்செலில் கிராஃப்கூட போட்டு வைத்திருந்தேன். காலை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

புண்ணுக்கு மருந்து கட்டப் போன ஒரு நாள், மிஸ்ஸி பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். நுனியில் ஒரு நைலான் இழை, தூண்டில் நரம்பு போல. மோனோஃபிலமெண்ட். அதைத் தோலில் வைத்து, வளையும்வரை அழுத்துவார்கள். பத்து கிராம் விசையில் வளைந்துவிடும். வளைந்தபின் கை எவ்வளவு அழுத்தினாலும் தோலில் படும் விசை பெரிதாகக் கூடாது. நிபோங் தெபால் வளாகத்தில் இரண்டாம் ஆண்டில் ஆய்லரின் தூண் சூத்திரத்தை மனப்பாடம் செய்து பாஸானவள் நான். அது இப்படி ஒரு மனிதனின் பாதத்துக்கு வந்து சேரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. (லெக்சரர் சொல்லியிருந்தாலும் நான் தூங்கியிருப்பேன்.)

"கண்ண மூடிக்கங்க அங்கிள். பட்டதும் 'அடா' சொல்லுங்க" என்றார் மிஸ்ஸி, மலாயில்.

"அடா" என்றார் அப்பா. கொஞ்சம் விட்டு, "அடா."

மிஸ்ஸியின் கை இன்னும் காற்றில்தான் இருந்தது.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டவில்லை. காய்ப்பு இருந்த இடத்தை விலக்கி ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொட்டபோதெல்லாம் அப்பா சும்மா இருந்தார். பச்சைப் புத்தகத்தில் எழுதி முடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "அங்கிள் இன்னும் ஸ்கூல் வேன் ஓட்டுறீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. எதற்காகப் பொய் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டரும் நல்லவர்தான், ஆனால் அவர் பார்ப்பது ரத்தப் பரிசோதனைத் தாளை. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று மிஸ்ஸிக்குத் தெரிந்திருந்தது. வாராவாரம் ஒருவர் காலைப் பிடித்துப் புண்ணைக் கழுவும்போது வேறென்ன பேசுவது? இந்தக் கிளினிக் முடிந்ததும் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கும் போவாராம்.

அன்று சாயங்காலம் வாசலில் நின்ற வேனில் ஏறி உட்கார்ந்தார் அப்பா. இன்ஜினைப் போடவில்லை.

"பின்னாடி போய் நில்லும்மா. பிரேக் லைட் எரியுதான்னு பாரு."

போய் நின்றேன்.

"இப்ப?"

"எரியுதுப்பா."

"இப்ப?"

"எரியுது."

"இப்ப?"

"இல்லப்பா."

"அமுக்கிட்டுதானே இருக்கேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். பிறகு இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"புள்ளைங்களோட அம்மாங்களுக்கு நீயே போன் போட்டுச் சொல்லிடு."