வாடகை அண்ணனுக்கு, வரி எனக்கு

கங்கைகொண்டானில் அம்மா எனக்கு எழுதிவைத்த வீட்டில், சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பையன்கள் குடியிருக்கிறார்கள். பத்திரம் என் பெயரில். வாடகை அண்ணன் கையில். "ஒனக்கு என்னத்துக்குட்டி? நீதான் சம்பளம் வாங்குதியே" என்பான். சண்டை எதற்கென்று விட்டிருந்தேன்.

இந்த வருஷம் ஆடிட்டர், "வாடகையைக் காட்டலியே?" என்றார். நான் வாங்குவதில்லை என்றேன். யார் வாங்கினாலும் வரி உரிமையாளருக்குத்தானாம். வீட்டுவரி போக ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதில் 30 சதவீதம், அதாவது 36,000, சட்டமே கழித்துவிடுகிறது. மீதி 84,000 என் சம்பளத்தோடு சேரும். நான் இருக்கும் 20 சதவீதப் படியில் 16,800, செஸ்ஸோடு 17,472.

கணவன் விலை வாங்காமல் மனைவிக்கு எழுதிக்கொடுத்த வீடென்றால், இதே சட்டம் கணவனையே உரிமையாளராகக் கொள்ளும். இது அம்மா தந்தது. முழுக்க என்னுடையது என்று என்னிடம் முதலில் சொன்னது வரிக்கணக்குதான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மதினி எடுத்தாள். "அடுத்த மாசத்துலருந்து வாடகை என் கணக்குக்கு வரட்டும் மதினி" என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்க வீட்டுல நான் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்" என்றாள்.