முதலில் மன்னிப்பு, பின்னர் வரி

பத்திரிகை ஆசிரியபீடத்தில் பணியாற்றிய காலத்தில், கஞ்சாவுடன் ஒருவர் கைது என்ற தலைப்பை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பக்கத்தில் விழும் வெற்றிடத்தை நிரப்ப உதவும் ஒற்றைப்பத்திச் செய்தி அது. கைதானவருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை. அமெரிக்க மாநிலங்கள் சில கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய வரலாற்றை வாசிக்கையில், அந்த அலட்சியம் இப்போது என்னை உறுத்துகின்றது.

சமஷ்டிச் சட்டத்தின் தடை நீடிக்கையிலேயே மாநிலங்கள் தனித்தனியாக எடுத்த முடிவு இது. கொலராடோ மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து 64ஆவது திருத்தத்தை ஏற்றனர். 21 வயதை அடைந்தோர் ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராம் வரை வைத்திருக்கலாம் என்றாயிற்று. 2014 ஜனவரி 1ஆம் திகதி கடைகள் திறந்தன.

சட்டபூர்வமாக்குதல் என்பதைக் கட்டவிழ்த்து விடுதல் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அங்கே பயிரிடுபவர் முதல் விற்பவர் வரை அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். ஒவ்வொரு செடியும் இலக்கமிட்டுக் கண்காணிக்கப்படுகின்றது. சிறுவர் திறக்க இயலாத பொதியிலேயே பொருள் விற்கப்படுகின்றது. தெருமுனை வியாபாரி எவரது வயதையும் கேட்பதில்லை. கடைக்காரர் கேட்டே ஆக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் தடையை விட ஒழுங்குபடுத்தலே மேல் என்பேன். இளையோருக்குக் கஞ்சா தீங்கானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வரியின் கதை அத்தனை எளிதன்று. கொலராடோ வாக்காளர்கள் 2013இல் மொத்த விற்பனைக்கு 15 சதவீத வரியை ஏற்றனர். அதில் ஆண்டுதோறும் முதல் 40 மில்லியன் டொலர் பாடசாலைக் கட்டடங்களுக்கு என விதிக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆயினும், வரி ஏறினால் வாடிக்கையாளர் பழைய கள்ளச் சந்தைக்கே திரும்புவார். கலிபோர்னியா இதனை அனுபவத்தில் கற்று, 2022இல் பயிர்ச்செய்கை வரியை நீக்கிற்று. வரி மிகவும் குறைந்தாலோ, மலிவு விலையே பாவனையைத் தூண்டும்.

என் மனதில் எழும் வினா வேறு. நேற்று விலங்கு மாட்டப்பட்ட செயலுக்கு இன்று அரசு வரி வாங்குகின்றது. நேற்றுப் பிடிபட்டவரின் குற்றப்பதிவு என்னாவது? வேலை தேடும்போதும் வாடகைக்கு வீடு கேட்கும்போதும் அது அவரைத் தொடருமல்லவா?

கொலராடோ ஆளுநர் ஜாரெட் போலிஸ், ஓர் அவுன்சுக்கு உட்பட்ட கஞ்சா வைத்திருந்தோர்மீதான 2,732 தண்டனைகளுக்கு மன்னிப்பு வழங்கியது 2020 ஒக்டோபரில். கடைகள் திறந்து ஆறரை ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. இல்லினோய் மாநிலத்தில் விற்பனை தொடங்கியது 2020 ஜனவரி 1இல். அதற்கு முதல் நாளே ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் 11,017 பேருக்கு மன்னிப்பளித்தார்.

இல்லினோய் கைக்கொண்ட வரிசைமுறையே நேர்மையானது. சட்டத்தை மாற்ற விழையும் எந்த அரசும், வரவு செலவுக் கணக்கைப் போடுமுன் பழைய தண்டனைப் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும். அந்தப் பெயர்களை ஒற்றைப்பத்தியில் எழுதிவிட்டு மறந்துபோன என் போன்றோர்க்கும் இதில் பொறுப்புண்டு.