முக்காலிக்கு அந்தப் பக்கம்

நாயைப் பார்க்கப் போனபோது பையில் அளவு நாடா ஒன்றும் வைத்திருந்தேன். என்ஜினியர் புத்தி என்று சிரிக்க வேண்டாம். வீவக வீட்டில் நினைத்த நாயை வளர்த்துவிட முடியாது. வீட்டுக்கு ஒன்றுதான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனமாக இருக்க வேண்டும். தொழிற்பேட்டைகளில் பிறந்து திரியும் கலப்பின நாய்களை 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்வோம். ஆனால் 2012-ல் 'அடோர்' திட்டம் வரும்வரை அவற்றுக்கு வீவக வாசலுக்குள் இடமில்லை. அதன்பிறகும் தோள் உயரம் 50 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2020-ல் அது 55 ஆனது. கருத்தடை, மைக்ரோசிப், பயிற்சி எல்லாம் கட்டாயம்.

இவள் 41 சென்டிமீட்டர். தேன் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். ஐந்து மாதமாக அவளைத் தற்காலிகமாக வளர்த்து வந்த சீன ஆண்ட்டி, தன் ஓரறை வீட்டில் எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, நாயை விட்டு என்னை முகரச் சொன்னார். நான் நாயைத் தேர்ந்தெடுக்க வந்ததாக நினைத்திருந்தேன். அங்கே நேர்முகத் தேர்வு எனக்குத்தான் நடந்தது.

"வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?"

"அம்மா."

"அவருக்கு நாய் பிடிக்குமா?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

அம்மாவுக்கு எட்டு வயதில், மன்னார்குடியில், கெண்டைக்காலில் ஒரு நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அந்தக் காலத்துத் தடுப்பூசி அப்படித்தான். கடித்தது ஒரு நிமிஷம், ஊசி பதினாலு நாள் என்பார். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருஷம் ஆகியும் நாயைக் கண்டால் சிராங்கூன் சாலையில் எதிர்ப்பக்கம் போய்விடுவார். சிங்கப்பூரில் 1953-லிருந்து வெறிநோய் இல்லை என்று காட்டினேன். "அது உனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியுமா?" என்றார். பதில் இல்லை.

கடைசியில் இரண்டு வாரம் மட்டும் என்று ஒத்துக்கொண்டார். அப்பா போனபிறகு நான் வேலை முடிந்து வந்து யாரோடும் பேசாமல் படுத்துவிடுவதை அவர் கவனித்திருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. "குளிப்பாட்டி நடுவீட்டுல வெச்சாலும் நாய் நாய்தான், பாத்துக்க," என்று மட்டும் சொன்னார்.

பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் நாய் சோபாவுக்கு அடியில் போய்விட்டது. துடைப்பத்தைக் கண்டால் சிறுநீர் கழித்தது. அம்மா சமையலறை வாசலில் ஒரு முக்காலியைக் குறுக்கே போட்டுக்கொண்டார். எல்லை. நாய் அதைத் தாண்டவேயில்லை. 'உட்காரு' என்றால் அதற்குப் புரியாது. ஆண்ட்டி பழக்கியது சீன மொழியில். அதனால் தேக்கா சந்தையில் முப்பது வருஷம் தமிழிலேயே மீன் வாங்கிய அம்மா, முக்காலிக்குப் பின்னால் நின்று, "ட்சுவோ! ட்சுவோ!" என்று விரலை நீட்டி அதட்டத் தொடங்கினார். அது உட்கார்ந்தது. அம்மாவின் முகத்தில் ஏதோ மாறியதாக எனக்குப் பட்டது. ஆனாலும் முக்காலி நகரவில்லை.

பதினோராம் நாள் இரவு நல்ல இடி. விழித்துப் பார்த்தபோது நாய் என் அறையில் இல்லை. கூடத்தில், முக்காலிக்கு இந்தப் பக்கம் நாய் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தது. அந்தப் பக்கம் தரையில் அம்மா, முழங்காலைக் கட்டிக்கொண்டு. இருவருக்கும் நடுவில் இரண்டடி.

"ஏம்மா, தூங்கலயா?"

"அதுவும் பயந்துக்கிட்டுல்ல இருக்கு," என்றார். "பயந்தவங்க தனியா இருக்கக் கூடாதுடா."

அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா அதைத் தொடவில்லை. இன்றுவரை தொட்டதில்லை. முக்காலியும் அங்கேயேதான் இருக்கிறது. காலையில் அதன் மேல் ஒரு கிண்ணம் தயிர்சாதம் ஆறிக்கொண்டிருக்கும். உப்பு போடாதது.

பதினைந்தாம் நாள் தத்தெடுப்புப் படிவத்தோடு ஆண்ட்டி வந்தார். பெயர் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"தேனுன்னு எழுதச் சொல்லு. நான் பத்து நாளா அப்படித்தான் கூப்பிடறேன்."