ஒரு ஊசி உண்டு

மும்பை மருத்துவமனை ஒன்றிலிருந்து மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு படிவம் வந்தது. மொத்தம் நான்கு பக்கம். மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் ஆய்வில் பங்கேற்க, நோயில்லாத பெரியவர்கள் தரவேண்டிய ஒப்புதல். தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அணு மருத்துவம் புதிது. ஆனால் என் காலை இடறியது அணு அல்ல. 'நான்-இன்வேசிவ்' என்ற ஒரு சொல்.

அகராதி 'ஊடுருவாத' என்றது. அப்படியே எழுதினேன்: 'இது உடலை ஊடுருவாத பரிசோதனை.'

எதை மொழிபெயர்த்தாலும் யாரிடமாவது படிக்கக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. வயது 58. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கிடையாது. ஆய்வுக்கு ஏற்ற ஆள். முதல் பக்கத்தைப் படித்தார். "ஊசி கீசி ஒண்ணும் கெடையாதுன்னுல்லா போட்டிருக்கு. பொறவு என்ன? நான் வாரேன் தம்பி" என்று பேனாவை எடுத்துவிட்டார்.

எனக்குச் சுரீரென்றது. ஊசி உண்டு. மூன்றாம் பக்கத்தில் நானே அதை எழுதியிருந்தேன். முதல் பக்கத்திலேயே நிம்மதி கிடைத்துவிட்டால் யார் மூன்றாம் பக்கம் வரை போவார்கள்?

டாக்டரிடம் கேட்டேன். "அந்தச் சொல் ஓர் ஒப்பீடு" என்றார்.

எதோடு ஒப்பீடு? உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போதும் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்குப் போகிறது. 1940களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் இதை அளந்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்களை நைட்ரஸ் ஆக்ஸைடு சுவாசிக்க வைத்து, தமனியிலும் கழுத்துச் சிரையிலும் ஊசி செலுத்தி ரத்தம் எடுத்தார்கள். 1948-ல் வெளிவந்த அவர்களது கணக்கு: 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 54 மில்லிலிட்டர். முழு மூளைக்கும் சேர்த்தால் முக்கால் லிட்டர்.

இப்போது கழுத்தில் ஊசி இல்லை, தமனியிலும் இல்லை. டெக்னீசியம்-99எம் சேர்ந்த மருந்தைக் கைச் சிரையில் செலுத்துகிறார்கள். அது இதயம் வழியாக மகாதமனி வளைவைக் கடந்து மூளைக்கு ஏறுவதைக் காமா கேமரா நொடிக்கொரு படமாகப் பிடிக்கிறது. வளைவில் எவ்வளவு வந்தது, மூளையில் எவ்வளவு தங்கியது என்பதிலிருந்து ரத்த ஓட்டம் கணக்காகிறது. மருந்து சில நிமிடங்களில் மூளைக்குள் தங்கிவிடுவதால், பிறகு எடுக்கும் படமும் ஊசி போட்ட நேரத்து ஓட்டத்தையே காட்டும். ஆறு மணி நேரத்தில் கதிரியக்கம் பாதியாகிவிடும்.

நோயில்லாதவர் எதற்கு? பக்கவாதத்திலோ அல்சைமரிலோ எந்தப் பகுதியில் ரத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்ல, அந்த வயதில் இயல்பு எவ்வளவு என்று தெரியவேண்டும். ஆக, அண்ணாச்சி கொடுப்பவர். அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. மாறாக, வழக்கமான அளவு மருந்தில் அவர் உடல் ஏற்கும் கதிர்வீச்சு சுமார் 7 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்குக் கிடைப்பது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. கிட்டத்தட்ட மூன்று வருடக் கணக்கு ஒரே நாளில். ஆபத்து சிறியதுதான். ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்று சொல்லவேண்டியவர் அவர், நானல்ல.

'ஊடுருவாத' என்பதை அடித்துவிட்டு முதல் பக்கத்திலேயே எழுதினேன்: 'உங்கள் கையில் ஒரு ஊசி போடுவோம். தமனியில் ஊசி கிடையாது. கதிரியக்க மருந்து உடலுக்குள் செல்லும். இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை.'

"ஒரு சொல்லுக்கு நாலு வாக்கியமா?" என்றார் டாக்டர். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மற்ற மொழிப் படிவங்களையும் பார்க்கவேண்டும் என்றார்.

புதிய படிவத்தை அண்ணாச்சி நான்கு பக்கமும் படித்தார். பேனா பையிலேயே இருந்தது. "நீங்க போவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டிருக்கவேயில்லை. அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டேன். நாற்பதுகளில் இருக்கும் நோயில்லாத ஆண் ஒருவரும் அவர்களுக்குத் தேவைப்பட்டார். அரையிருட்டு அறை. கண்ணை மூடி, அசையாமல், பேசாமல் படுக்கவேண்டும். ஊசி வலது கையில் இறங்கியது. 'ஊடுருவாத' என்று எழுதிய கை.

மாலையில் கடைக்குப் போனேன். அண்ணாச்சி பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தார்.

"வலிச்சுதா?"

"கொஞ்சம்."

"அதயும் எழுதியிருக்கீயளா?"

"எழுதியிருக்கேன் அண்ணாச்சி."

"சரி. வீட்ல கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்.